சட்டமன்றத் தொகுதியும் வாக்காளர் பட்டியலும்: லோரியே-டோரியோன் தொகுதியின் வழியே ஒரு விளக்கம்

பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள ஒரு வீடு ஒரே வேளையில் மூன்று வரைபடங்களில் இடம்பெறுகிறது. மொன்றியல் மாநகர சபையைப் பொறுத்தவரை அது வில்ரே, சென் மிஷேல், பார்க் எக்ஸ்டென்ஷன் ஆகிய மூன்றும் சேர்ந்த நகரப் பிரிவுக்குள் வருகிறது. கனடா நாடாளுமன்றத்தைப் பொறுத்தவரை பப்பினோ தொகுதியில் அடங்குகிறது. கியூபெக் மாகாணத்தின் தேசிய சட்டமன்றத்தைப் பொறுத்தவரை அது லோரியே-டோரியோன் தொகுதிக்கு உரியது. இம்மூன்று எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மூன்றுக்கும் தேர்தல் நாளும் வெவ்வேறு.

எந்தப் பிரதிநிதியிடம் எதைக் கேட்பது என்ற குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. குப்பை, பனி அகற்றல், பூங்கா, நூலகம் ஆகியவை மாநகரத்தின் பொறுப்பு. கடவுச்சீட்டும் குடியுரிமையும் வேலையிழப்புக் காப்புறுதியும் மத்திய அரசைச் சேர்ந்தவை. மருத்துவமனை, பாடசாலை, குழந்தைப் பராமரிப்பு நிலையம், வாடகைச் சட்டம், சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியன மாகாணத்தின் கையில் உள்ளன. அன்றாட வாழ்வை மிக நெருங்கித் தொடுவது மாகாணமே. ஆயினும் தமிழ் இல்லங்களில் மிகக் குறைவாகப் பேசப்படும் தேர்தலும் மாகாணத் தேர்தலே எனலாம்.

தேசிய சட்டமன்றத்தில் 125 ஆசனங்கள் உள்ளன. மாகாணம் அத்தனை தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்றான லோரியே-டோரியோன், லோரியே, டோரியோன் என்னும் இரு பழைய தொகுதிகளிலிருந்து 1992 இல் அமைக்கப்பட்டு, 1994 பொதுத் தேர்தலில் முதன்முறையாகத் தன் உறுப்பினரைத் தெரிவு செய்தது. 1896 முதல் 1911 வரை கனடாவின் பிரதமராக விளங்கிய வில்ஃபிரிட் லோரியேயும், கூட்டாட்சிக்கு முன்னைய காலத்து அரசியல் தலைவர் அந்துவான்-எமே டோரியோனும் அதன் பெயரில் நிலைத்திருக்கின்றனர். கிரேக்கக் குடியேற்றவாசிகள் செறிந்து வாழ்ந்த காலத்தில் கிறிஸ்டோஸ் சிரோஸ் லிபரல் கட்சி உறுப்பினராக இங்கு நெடுங்காலம் இருந்தார். அவர் விலகியதால் 2004 செப்டெம்பரில் நடந்த இடைத்தேர்தலில், லிபரல் கட்சியின் கோட்டை எனக் கருதப்பட்ட இத்தொகுதியைக் கியூபெக் கட்சியின் எல்சி லெஃபேவ்ர் கைப்பற்றினார். 2007 இல் லிபரல் கட்சியின் ஜெரி ஸ்க்லவூனோஸ் அதனை மீட்டார். 2018 இலும் 2022 இலும் சிலி நாட்டில் பிறந்தவரான அந்த்ரேஸ் ஃபொன்டெசிலா, கியூபெக் சொலிடேர் கட்சியின் சார்பில் வென்றார். வாக்காளர் வந்து வாக்களிக்கும் வரை எந்தத் தொகுதியும் எவருக்கும் உரியதன்று என்பதற்கு இத்தொகுதியே போதிய சான்று.

ஒரு தனி உறுப்பினரால் என்ன செய்ய இயலும் என்று கேட்போர் உளர். அருகிலுள்ள குவேன் தொகுதியின் உறுப்பினராக இருந்த பிரான்சுவாஸ் டாவிட், சட்டமன்றத்தில் மூன்றே ஆசனங்கள் கொண்ட கட்சியைச் சேர்ந்தவர். அவர் முன்வைத்த சட்டமூலம் 2016 ஜூனில் நிறைவேறியது. 70 வயது நிறைந்து, பத்தாண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் குறைந்த வருமானத்தில் வாழ்ந்துவரும் வாடகையாளரை வீட்டைவிட்டு வெளியேற்றுவதற்கு அது தடைகளை விதித்தது. 2024 இல் அந்த வயது வரம்பு 65 ஆகக் குறைக்கப்பட்டது. அதே 2024 இன் பெப்ரவரியில், வாடகை ஒப்பந்தத்தை வேறொருவருக்குக் கைமாற்ற வாடகையாளர் விரும்பினால், வீட்டு உரிமையாளர் தக்க காரணம் காட்டாமலே மறுக்கலாம் என்ற மாற்றமும் சட்டமாயிற்று. ஒன்று வாடகையாளருக்கு ஆதரவானது; மற்றொன்று அவருடைய பிடியைத் தளர்த்தியது. இரண்டும் சட்டமன்ற உறுப்பினரின் வாக்குகளால் விளைந்தவையே.

தெரிவுமுறை எளியது. ஒரு தொகுதி, ஓர் உறுப்பினர், ஒரு வாக்கு, ஒரே சுற்று. மிகுதியான வாக்குகள் பெற்றவர் வெல்கிறார். பாதிக்கு மேல் பெறவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இலங்கையில் 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. கட்சிக்கு ஒரு வாக்கும் வேட்பாளருக்கு மூன்று வரையான விருப்பு வாக்குகளும் அளித்துப் பழகியோருக்கு இங்குள்ள முறை சற்று வறியதாகத் தோன்றக்கூடும். 1977 ஜூலைத் தேர்தலை நினைவிற் கொண்ட மூத்தோருக்கோ இது பழகிய தொகுதி முறையே. தமிழ்நாட்டின் சட்டமன்றத் தேர்தலும் இவ்வகையினதே. முதலமைச்சருக்கென்று தனி வாக்குச்சீட்டு இல்லை. வழக்கமாக மிகுதியான ஆசனங்கள் பெற்ற கட்சியின் தலைவர் அப்பதவியை ஏற்கிறார்.

இம்முறையில் மாகாணம் முழுவதும் பெற்ற வாக்குகளும் ஆசனங்களும் ஒத்துச் செல்வதில்லை. 2022 ஒக்டோபர் 3 தேர்தலில் கியூபெக் எதிர்காலக் கூட்டணி ஏறத்தாழ 41 சதவீத வாக்குகளுடன் 90 ஆசனங்களைப் பெற்றது. ஏறத்தாழ 13 சதவீதம் பெற்ற கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. 1998 இல் லிபரல் கட்சி கூடுதலான வாக்குகளைப் பெற்றும் கியூபெக் கட்சியே ஆட்சி அமைத்தது. இக்குறையைச் சுட்டிக்காட்டித் தம் ஒரு வாக்கு வீண் என்று முடிவு கட்டுவோர் 1994 இல் சென்-ஜோன் தொகுதியில் நடந்ததையும் அறிதல் நன்று. அங்கு மீள எண்ணிய பின்னரும் இரு வேட்பாளருக்கும் தலா 16,536 வாக்குகள் இருந்தன. மறுதேர்தல் நடத்தியே உறுப்பினரைத் தெரிவு செய்ய நேர்ந்தது.

எனினும், மொன்றியல் தமிழர் பலர் வாக்கை இழப்பது எண்ணும் மேசையில் அன்று. அதற்குப் பல நாள்கள் முன்னரே, வாக்காளர் பட்டியலில். மத்திய தேர்தலில் வாக்களிப்பு நாளன்றுகூடத் தக்க சான்றுகளைக் காட்டிப் பெயரைப் பதிந்து வாக்களிக்க முடியும். மாகாணத் தேர்தலில் அந்த வாய்ப்பு இல்லை. மத்திய தேர்தலில் அவ்வாறு வாக்களித்து வந்தவர் அதே நம்பிக்கையுடன் ஒக்டோபரில் வாக்களிப்பு நிலையத்துக்கு வந்தால், பெயர் பட்டியலில் இல்லாதவிடத்துத் திரும்பிச் செல்லவே வேண்டும்.

நாள்காட்டியும் இச்சிக்கலுக்குத் துணைபோகிறது. மொன்றியலில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30 உடன் முடிவுறுகின்றன. ஜூலை 1 நகரமே இடம்பெயரும் நாள். பொதுத் தேர்தலோ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒக்டோபர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை நடைபெறுமாறு 2013 இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 2022 தேர்தலை அடுத்துக் குறிக்கப்பட்ட நாள் 2026 ஒக்டோபர் 5. தேர்தல் பிரசாரக் காலம் 33 முதல் 39 நாள்கள் மட்டுமே. ஜூலையில் வீடு மாறிய குடும்பம் முகவரியை மாற்றாது விட்டால், அதன் பெயர் பழைய தெருவில், சில வேளைகளில் வேறு தொகுதியில், தங்கிவிடுகிறது. மாகாண அரசின் முகவரி மாற்றச் சேவையின் மூலம் ஒரே தடவையில் பல துறைகளுக்கு அறிவிக்கலாம். அவற்றுள் தேர்தல் ஆணையமும் ஒன்று.

வாக்களிக்க உரிமையுடையவர் 18 வயது நிரம்பிய கனேடியக் குடியுரிமையாளராகவும், வாக்களிப்பு நாளில் கியூபெக்கில் ஆறு மாதம் வதிந்தவராகவும் இருத்தல் வேண்டும். மே மாதத்தில் ரொறன்ரோவிலிருந்து இங்கு குடிவந்தவர் அவ்வாண்டு ஒக்டோபரில் இத்தகுதியைப் பெறார். குடியுரிமைச் சான்றிதழ் கையில் கிடைத்தது என்பது பெயர் பட்டியலில் ஏறியது என்பதற்கு உறுதியன்று. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் ஒவ்வொரு முகவரிக்கும் அங்கு பதிவான வாக்காளரின் பெயர்களைக் கொண்ட அறிவித்தல் அஞ்சலில் வரும். விளம்பரத் தாள்களோடு அதனையும் எறிந்துவிடாது, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் சரியாக உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். தமிழ்ப் பெயர்கள் முன்பின்னாக மாறிப் பதிவாவது அரிதன்று. பிழை இருப்பின், அல்லது பெயரே இல்லாதிருப்பின், பட்டியல் திருத்தக் குழுவிடம் இரண்டு ஆவணங்களுடன் செல்லவேண்டும்: ஒன்றில் பெயரும் பிறந்த தேதியும், மற்றதில் பெயரும் வீட்டு முகவரியும் இருத்தல் அவசியம். முதியவரின் சார்பில் வாழ்க்கைத் துணையோ உறவினரோ உடன் வாழ்பவரோ செல்லலாம். இத்திருத்தக் காலம் வாக்களிப்பு நாளுக்குச் சில நாள்கள் முன்னரே முடிந்துவிடும். இறுதி நாள் அறிவித்தலிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

பட்டியலுக்கு இன்னொரு பயன் உண்டு. சட்டம் பயின்றோரும் இதனை எளிதில் கவனிப்பதில்லை. கியூபெக்கில் தொகுதி எல்லைகள் மக்கள்தொகையைக் கொண்டு அன்று, வாக்காளர் எண்ணிக்கையைக் கொண்டு வகுக்கப்படுகின்றன. சில விலக்குகள் நீங்கலாக, ஒரு தொகுதியின் வாக்காளர் தொகை மாகாணச் சராசரியிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. இவ்வெல்லைகள் இரண்டு பொதுத் தேர்தல்களுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படுகின்றன. 2017 இல் அவ்வாறே மோன்-றோயால், ஊத்ரமோன் ஆகிய இரு தொகுதிகள் ஒன்றாக்கப்பட்டு, மொன்றியல் தீவின் ஆசனங்கள் 28 இலிருந்து 27 ஆகக் குறைந்தன. குடியுரிமை பெற்றும் பதியாதிருப்பவர் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

வாக்களிப்பு நாளில் நிலையங்கள் காலை 9:30 முதல் இரவு 8 மணி வரை திறந்திருக்கும். அந்நேரத்துள், உணவு இடைவேளை நீங்கலாகத் தொடர்ச்சியான நான்கு மணி நேரத்தைச் சம்பளக் குறைப்பின்றித் தொழிலாளிக்கு வழங்குவது தொழில் வழங்குநரின் கடமை. தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் பணிபுரிவோர் பலர் இதனைக் கேட்பதேயில்லை. அடையாளத்துக்கு மருத்துவக் காப்புறுதி அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், கனேடியக் கடவுச்சீட்டு ஆகியவற்றுள் ஒன்று போதும். வாக்குச்சீட்டில் பெயர்கள் இலத்தீன் எழுத்திலேயே இருப்பதால், விரும்பும் வேட்பாளரின் பெயர் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை வீட்டிலேயே பார்த்து வைத்தல் மூத்தோருக்கு உதவும். முற்கூட்டிய வாக்களிப்பு அதற்கு முந்தைய ஞாயிறும் திங்களும் நடைபெறும்.

நிரந்தர வதிவிட உரிமையுடன் வாழ்வோருக்கு வாக்கில்லை. ஆயினும் மருத்துவ அட்டை தாமதமாதல் போன்ற மாகாணத் துறைகளுடனான சிக்கல்களுக்கு அவர்களும் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தை நாடலாம். தம் தொகுதி எது, பெயர் பட்டியலில் உள்ளதா என்பவற்றைக் கியூபெக் தேர்தல் ஆணையத்தின் 1-888-353-2846 என்ற கட்டணமற்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டறியலாம்.