பழைய கார் தீப்பிடிக்காமலிருக்க: சேஸிஸ் நம்பரில் தொடங்குங்கள்

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கினால் ஆர்.சி.யில் பெயர் மாற்றுகிறோம், இன்சூரன்ஸில் மாற்றுகிறோம். காரைத் தயாரித்த கம்பெனியின் பதிவில் மாற்றுவதில்லை. அங்கே இன்னும் முதல் ஓனரின் பெயரும், அவர் எப்போதோ வைத்திருந்த செல்போன் நம்பரும்தான் கிடக்கும். “இந்த மாடலில் பெட்ரோல் கசிய வாய்ப்பிருக்கிறது, கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம்” என்று கம்பெனி அனுப்பும் கடிதம் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்ச் சேரும். வண்டி இங்கே திருநெல்வேலியில் வண்ணார்பேட்டைக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன்னால் சேஸிஸ் நம்பரை எடுங்கள். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். இதை நீட்டியே எழுதுகிறேன்.

ரீகால் இருக்கிறதா என்று பார்ப்பது

சேஸிஸ் நம்பர் 17 இலக்கம் கொண்டது. ஆர்.சி.யிலிருந்தே எடுங்கள், இணையத்தில் பதிவு எண்ணைப் போட்டுத் தேடினால் பாதியை மறைத்துத்தான் காட்டும். ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் இந்த வரிசையில் வரவே வராது. ஓ போலத் தெரிவது பூஜ்யம், ஐ போலத் தெரிவது ஒன்று. இது தெரியாமல் தப்பாக அடித்துவிட்டு, “நம்ம வண்டிக்கு ஒண்ணும் இல்லையாம்” என்று நிம்மதியாகப் போய்விடுகிறவர்கள் உண்டு. வண்டியில் பொறித்திருக்கும் எண்ணோடும் ஒத்துப் பாருங்கள். மாடலைப் பொறுத்து இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டிலோ, முன் சீட்டுப் பக்கம் தரைவிரிப்புக்குக் கீழேயோ இருக்கும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் தீயை விடப் பெரிய தலைவலி காத்திருக்கிறது, நேராக ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போங்கள்.

அடுத்து, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். “இல்லை” என்று வந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். அந்த வேலை முன்பே முடிந்திருந்தாலும் “இல்லை” என்றுதான் வரும்; அந்தப் பக்கத்தில் மிகப் பழைய அறிவிப்புகள் ஏற்றப்படாமல் இருந்தாலும் அப்படித்தான் வரும். எது என்று தெரிந்துகொள்ள சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும்.

அங்கே பேசும் விதம் முக்கியம். “ரீகால் இருக்கா?” என்று கேட்டால், “சார், பதிமூணு வருஷ வண்டி, இதுக்கெல்லாம் வராது” என்று பதில் வரும். அவர் வாரண்டியை மனதில் வைத்துச் சொல்கிறார். வாரண்டி முடிந்ததும் ரீகால் முடிந்துவிடுவதில்லை. எத்தனையாவது ஓனர் என்பதும் கணக்கில் வராது. இப்படிக் கேளுங்கள்: “தம்பி, சேஸிஸ் நம்பர் போட்டு, கேம்பெயின் ஏதும் ஓப்பன்ல இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. பழைய கேம்பெயின் முடிச்சிருந்தா அந்தத் தேதியும் வேணும்.” சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் கேம்பெயின் என்றுதான் இருக்கும். எல்லாக் கம்பெனியும் ரீகால் என்ற சொல்லை ஒத்துக்கொள்வதும் இல்லை. 2010-ல் நானோ கார்கள் சில தீப்பிடித்த பிறகு, விற்ற எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு சைலன்சர் பகுதியிலும் மின் இணைப்பிலும் கூடுதல் பாதுகாப்பை டாடா இலவசமாகப் பொருத்தித் தந்தது; ஆனால் இது ரீகால் அல்ல என்று சொல்லியே செய்தது. ரீகால் என்று மட்டும் கேட்டிருந்தால் அன்றைக்கும் “இல்லை சார்” என்ற பதில்தான் வந்திருக்கும்.

பழைய வண்டிக்குத் தீ சம்பந்தமாக என்ன அறிவிப்பு வந்திருக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். 2010 பிப்ரவரியில் மாருதி சுமார் ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களை அழைத்தது. பெட்ரோல் பம்ப் கேஸ்கட்டில் கசிவு. அதே ஆண்டு ஜனவரியில் ஹோண்டா, இந்தியாவில் 8,532 சிட்டி கார்களை அழைத்தது. டிரைவர் பக்கக் கதவில் உள்ள பவர் விண்டோ சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கினால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்பது காரணம். 2019 ஆகஸ்டில் 40,618 வேகன்-ஆர் கார்கள் அழைக்கப்பட்டன, பெட்ரோல் டியூப் ஓர் இரும்புக் கிளாம்பில் உரசக்கூடும் என்பதற்காக. இந்த வண்டிகள் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பழைய வண்டிக்காரர்கள் அதைத் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 110ஏ பிரிவு, ரீகால் செய்யும்படி கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. ஆனால் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அந்த விதிகள். அதற்கு மேற்பட்ட வண்டிக்கு கம்பெனி தானாக முன்வந்து செய்தால்தான் உண்டு. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ரப்பரும் வயரும் கெட்டுப்போவது ஏழு வருஷத்துக்குப் பிறகுதானே. ஆனாலும் தானாகச் செய்கிற ரீகால் ஏழு வருஷத்தை ஒட்டிய வண்டிகளையும் எட்டுகிறது. 2024 அக்டோபரில் ஹோண்டா பெட்ரோல் பம்ப் மாற்ற அழைத்த 90,468 கார்கள் 2017-18 காலத்தில் தயாரானவை.

ஃபோர்டு, செவர்லே வைத்திருப்பவர்கள் “கம்பெனியே போயிருச்சே” என்று விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் விற்பனையை நிறுத்திய பின்னும் சேஸிஸ் பதிவுகள் கம்பெனியிடம் இருக்கும். கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்கள்.

வேலை நடந்தால், என்ன பாகம் மாற்றினார்கள் என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். கிளம்பும் முன் உங்கள் பெயரையும் செல்போன் நம்பரையும் அவர்கள் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை இது. அடுத்த கடிதம் உங்களுக்கே வரும்.

பெட்ரோல் டியூப்

காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது பானட்டைத் திறங்கள். சாவியை ஸ்டார்ட் வரை திருகாமல் ஆன் வரை மட்டும் திருகினால் பம்ப் இரண்டு மூன்று வினாடி முனகி டியூபில் அழுத்தம் ஏற்றும். இப்போது டார்ச் அடித்து, டியூப் போகும் வழியெல்லாம் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டே போங்கள். வளைவுகளில் வெடிப்பு, கிளாம்ப் கடித்த தடம், நுனியில் ஈரம் ஆகியவற்றைத் தேடுங்கள். துணியில் பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.

டியூப் மாற்றும்போது ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கார்புரேட்டர் வண்டிக்கு விற்கிற சாதா டியூபை இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் போடக் கூடாது. பழைய மாருதி 800-ல் பெட்ரோல் கிட்டத்தட்ட அழுத்தமே இல்லாமல் போகும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் மூன்று பார் அளவுக்கு அழுத்தம். சாதா டியூப் சில மாதம் தாங்கும், பிறகு ஒரு நாள் சூடான இன்ஜின் மேல் பீய்ச்சும். கசிவை எம்-சீல் வைத்து அடைப்பது, சோப்பு தேய்ப்பது எல்லாம் வொர்க்‌ஷாப் வரை போய்ச் சேரக்கூட உதவாத வேலைகள். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பங்க்குகளில் கிடைக்கிறது. பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. என் கணக்கு இன்னும் எளிது: பத்து வருஷம் ஆன டியூப், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டிய டியூப்.

டேப்பெட் கவரிலிருந்து ஆயில் வழிந்து சைலன்சர் மேனிஃபோல்டில் சொட்டுகிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். கேஸ்கட் விலை சொற்பம்.

வயரிங்

“லைன நேரா பேட்டரில எடுத்துரலாம் அண்ணாச்சி, வெளிச்சம் பட்டையக் கெளப்பும்.” இந்த வாக்கியம் காதில் விழுந்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கம்பெனி போட்ட 60/55 வாட்ஸ் பல்பைக் கழற்றி 100/90 போட்டால், இரண்டு பல்புக்கும் சேர்த்து 16, 17 ஆம்பியர் ஓடும். பழைய சுவிட்சும் மெல்லிய வயரும் அதற்காகச் செய்தவை அல்ல. கூடுதல் ஹாரன், ஆம்ப்ளிஃபயர், ஃபாக் லைட் எது போட்டாலும் ரிலே வேண்டும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வேண்டும். ஃபியூஸ் இரண்டடி தள்ளி இருந்தால், நடுவில் உள்ள வயர் உரசி பாடியில் பட்டாலும் ஃபியூஸ் போகாது, வயர்தான் எரியும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று பெரிய ஆம்பியர் ஃபியூஸ் மாட்டுவதும், காப்பர் இழையைச் சுற்றிவிடுவதும் வண்டியைக் கொளுத்திவிடுகிற வேலை. நானோ தீ விபத்துகளை ஆராய்ந்தபோதும் வெளியில் பொருத்திய மின்கருவிகளும் சைலன்சரில் ஒட்டிய வேற்றுப் பொருளும்தான் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

சோதிக்க ஒரு வழி: ராத்திரி ஹெட்லைட்டைப் போட்டுக் கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு, அணைத்த பின் ஃபியூஸ் பாக்ஸ், லைட் கப்ளர், புதிதாக இழுத்த வயர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு எங்கே இருக்கிறதோ அங்கே வேலை இருக்கிறது.

வயலோரம் வீடு உள்ளவர்கள் வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்தே ஆக வேண்டும். அறுவடை முடிந்ததும் எலிகள் வண்டிக்குள் குடியேறும். வயரைக் கடிப்பது ஒரு பக்கம். தேங்காய் நாரும் துணியும் வைக்கோலும் சேர்த்து இன்ஜின் மேலேயே கூடு கட்டிவிடும். புகையிலை கட்டுவது, ஸ்பிரே அடிப்பது இவற்றை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். கண்ணால் பார்ப்பதுதான் வழி.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை கடந்தபோது ஜங்ஷன், சிந்துபூந்துறை, கைலாசபுரம் பக்கமெல்லாம் தண்ணீருக்குள் கிடந்த கார்கள் எத்தனையோ. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் நிலைமை இன்னும் மோசம். அந்த வண்டிகளைக் கழுவி, சீட் மாற்றி, பாலிஷ் போட்டு விற்றாகிவிட்டது. டி.என். 72, 69 பதிவு வண்டி வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. வெளியூர்ப் பதிவென்றாலும் அந்த வாரம் வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு தெரியும். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு கப்ளரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். பச்சைக் களிம்பு பூத்திருந்தால் வண்டி வேண்டாம். களிம்பு ஏறிய இணைப்பு மின்தடை கூடிச் சூடாகும், பிளாஸ்டிக் உருகும். மூழ்கிய மறுமாதமே இது நடக்காது; இரண்டு மூன்று வருஷம் கழித்து நடக்கும்.

சாலையில் கிடக்கும் கதிர்

பிசான அறுப்பு முடிந்து உளுந்து, எள், கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பி வண்டிகளை ஏறவிடும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. செடி சக்கரத்திலும் ஆக்ஸிலிலும் சுற்றிக்கொண்டு சைலன்சரில் ஒட்டினால் ஒன்றிரண்டு கிலோமீட்டரிலேயே புகையும். முடிந்தவரை ஒதுங்கிப் போங்கள். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால், தாண்டியதும் நிறுத்தி, குனிந்து, சுற்றியதை ஒரு குச்சியால் இழுத்துப் போடுங்கள். காய்ந்த புல் மேலும் வண்டியை நிறுத்தாதீர்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும்.

புகை வந்துவிட்டால்

இடது ஓரம் ஒதுங்குங்கள். ஓடும்போதே கதவுப் பூட்டையும் கண்ணாடியையும் திறந்துவிடுங்கள். வயரிங் எரிந்த பிறகு இரண்டும் வேலை செய்யாமல் போகலாம். சாவியை ஆஃப் செய்தால் பெட்ரோல் பம்ப் நிற்கும். பின்சீட்டில் உள்ள குழந்தைகளை முதலில் இறக்குங்கள். சைல்டு லாக் போட்டிருந்தால் வெளியிலிருந்துதான் திறக்க முடியும். எல்லோரும் நூறு அடி தள்ளிப் போங்கள்.

பானட்டைத் தூக்காதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான், முகம் வெந்துபோவதும் அதனால்தான். உள்ளே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் தீக்குக் காற்றைத் திறந்துவிட்டால் ஒரே வீச்சில் எழும்பும். உள்ளே உள்ள நெம்புகோலை இழுத்து, பானட் விரலளவு விலகும் சந்து வழியாகத் தீயணைப்பானை அடியுங்கள். ஒரு கிலோ ஏ.பி.சி. பவுடர் போதும், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், டிக்கியில் போடாமல் முன்சீட்டுக்கு அடியில் மாட்டுங்கள். அது தீர்ந்தும் அணையவில்லை என்றால் விட்டுவிட்டு விலகுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். 101 அல்லது 112-ஐ அழையுங்கள். கயத்தாறு, நாங்குநேரி வழிபோகும் நான்குவழிச் சாலையில் என்றால் 1033-ஐயும்.

காகிதங்கள்

தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் உங்கள் கார் எரிந்ததற்கு ஒரு பைசா வராது. வண்டி பழசாக ஆக இதைத்தான் பலர் எடுக்கிறார்கள். பழைய வண்டிக்குத்தான் தீக்கான காப்பீடு தேவை. சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. கிட் பொருத்தியிருந்தால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்றியிருக்க வேண்டும், சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சோதித்திருக்க வேண்டும். வீட்டு சிலிண்டரிலிருந்து ஆம்னியில் ஏற்றுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு: இன்றைக்கே நிறுத்துங்கள்.

எரிந்த வண்டியை அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் வரை யாரையும் தொடவிடாமல், எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். தீயணைப்பு நிலையத்தில் அறிக்கை கேட்டு வாங்குங்கள். தயாரிப்புக் குறை என்று தோன்றினால் ரீகால் ஜாப் கார்டுடன் கம்பெனிக்கு எழுதுங்கள், 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். பதில் சரியில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும்.