சீழ்பிடித்த கட்டி: படிப்படியான முழு வழிகாட்டி

முதுகில் பட்டாணி அளவில் ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்த கட்டி திடீரென்று சிவந்து வீங்கும். சட்டை உரசினாலே உயிர் போகும். “பிதுக்கிவிட்டால் சரியாகிவிடும்” என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். அதை மட்டும் செய்யாதீர்கள்.

1. கட்டியை இனங்காணுங்கள்

உருண்டையாக, நடுவில் சிறு கரும்புள்ளியோடு இருந்தால் அது பெரும்பாலும் எபிடெர்மாய்டு கட்டி. முகம், கழுத்து, காதின் பின்புறம், முதுகு ஆகிய இடங்களில் அதிகம் வரும். உள்ளே இருப்பது கொழுப்பு அல்ல. கெராட்டின் என்ற தோல் புரதம் ஒரு மெல்லிய பைக்குள் சேர்ந்து கிடக்கிறது. கொழுப்புக்கட்டி மெத்தென்று நழுவும், கரும்புள்ளி இராது.

2. ஏன் வீங்குகிறது?

பை உடைந்து கெராட்டின் சதைக்குள் கசிந்தால் உடம்பு அதை எதிர்க்கும். கிருமி இல்லாமலே சிவப்பும் வலியும் வருவது இதனால்தான். கிருமியும் சேர்ந்தால் சீழ் கட்டும். பிதுக்கினால் கசிவு இன்னும் ஆழத்துக்குப் போகும்.

3. வீட்டில் செய்ய வேண்டியவை

- சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில் 10 முதல் 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். நாளுக்கு மூன்று நான்கு முறை போதும்.
- தானாக உடைந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, துணிக்கட்டால் மூடுங்கள்.
- ஊசியால் குத்தாதீர்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசாதீர்கள். மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை விழுங்காதீர்கள்.

4. எப்போது கிளினிக் போவது?

இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடியாவிட்டால் அரசாங்கக் கிளினிக்குக் காட்டுங்கள். மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். காய்ச்சல், பரவும் சிவப்பு, கண் அல்லது மூக்கருகே வீக்கம் இருந்தாலோ, உங்களுக்கு இனிப்பு நீர் இருந்தாலோ அன்றே போக வேண்டும். ஈப்போவின் ஜெலாப்பாங் பகுதியில் இருப்பவர்களுக்கு இரவு நேர அவசரத்துக்கு ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது.

5. மருத்துவர் என்ன செய்வார்?

மரத்துப்போக ஊசி போட்டு, சிறிதாகக் கீறி, சீழை வெளியேற்றுவார். குழி ஆழமாக இருந்தால் துணித்திரி வைப்பார். அதை மாற்ற மறுபடி போக வேண்டும். சீழ் வெளியேறிவிட்டால் பலருக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. சுற்றியுள்ள தோலுக்கும் பரவியிருந்தால் கொடுப்பார். சொன்ன நாள்வரை முழுவதும் சாப்பிடுங்கள்.

6. மறுபடி வராமல் இருக்க

சீழ் போனாலும் பை உள்ளேயே இருக்கும். அது இருக்கும்வரை கட்டி திரும்ப வரலாம். வீக்கம் முழுவதும் அடங்கிய பிறகு, வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, பையோடு வெட்டி எடுப்பார்கள்.

அடிக்கடி சீழ்கட்டி வந்தால் ரத்தத்தில் சர்க்கரையையும் பரிசோதியுங்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் உண்டு. தங்களுக்கு இருப்பதே தெரியாதவர்களும் அதில் அடக்கம்.

வலி போய்விட்டது என்று அறுவை சிகிச்சைத் தேதியைத் தவறவிடாதீர்கள்.