குன்னூர்ச் சுண்டெலி சொல்லும் பாடம்

எலி என்றதும் நம் நினைவுக்கு வருவன பொறியும், ஓட்டை விழுந்த அரிசி மூட்டையும்தான். ஆனால் மேட்டுப்பாளையத்திற்கு மேலே உயர்ந்து நிற்கும் நீலகிரியில், காட்டையே வீடாகக் கொண்ட ஓர் அரிய சுண்டெலி உண்டு. அதைப் பற்றிச் சிறிது அறிவோம்.

1898-ஆம் ஆண்டு போன்ஹோட் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர், குன்னூரில் கிடைத்த எலிகளை ஆராய்ந்து ‘மஸ் ஃபாமுலஸ்’ எனப் பெயரிட்டார். பிற்காலத்து அறிஞர்கள் மண்டை ஓட்டையும் பற்களையும் பார்த்து, அதை வேறோர் ஆசியக் காட்டெலிப் பிரிவில் சேர்த்தனர். தோற்றம் சொல்வது சரியா? அதற்கு விடை தருவதே மரபணு அடையாளம்.

உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட ஏடு. எலியின் காதோரத் தோல் துணுக்கு ஒன்றே அதைப் படிக்கப் போதும். அதில் ஒரு பகுதி தாயிடமிருந்து மட்டுமே வருவது. அது இனங்களின் உறவைக் காட்டும். வேறு சில இடங்களில் சிறு எழுத்துக் கோவை ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஓர் எலியில் 10 முறை, மற்றொன்றில் 15 முறை என எண்ணிக்கை மாறும். சரத்தில் பூக்களை எண்ணுவது போல இதை எண்ணலாம். எல்லா எலிகளிலும் ஒரே எண்ணிக்கை வரும் இடம் பயன்படாது. வேறுபடும் இடங்களைத் தேடிப் பொறுக்குவதே ஆய்வாளரின் முதல் வேலை.

ஷெவ்ரே, ஜென்கின்ஸ், கேட்ஸெஃப்லி ஆகியோர் நீலகிரி எலிகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். குன்னூர்ச் சுண்டெலி, நம் வீட்டுச் சுண்டெலியும் வயல் சுண்டெலியும் அடங்கிய கிளையைச் சேர்ந்ததே என்று தெரிந்தது. தோற்றம் ஏமாற்றியிருந்தது!

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். இந்த எலி உலகச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக இடம் பெற்றுள்ளது. இதன் வாழிடமோ மேற்குத் தொடர்ச்சி மலை மட்டுமே. தேயிலைத் தோட்டங்களும் சாலைகளும் காட்டைத் துண்டாக்கினால், ஒவ்வொரு துண்டிலும் சிறு கூட்டம் தனித்துப்போகும். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகினால் குட்டிகள் நலியும். அந்தக் கூட்டங்களுக்கிடையே போக்குவரத்து உண்டா என்பதை, பூச்சர எண்ணிக்கைகளை ஒப்பிட்டே அறிய முடியும். எந்த இரு காடுகளை இணைக்க வேண்டும் என்பதும் அப்போது புலப்படும்.

வயலில் நெல்லைத் தின்னும் எலியும் எலிதான். காட்டில் அருகிவரும் எலியும் எலிதான். இரண்டையும் பிரித்தறியாமல் ஒன்றைக் காக்கவும் முடியாது, மற்றதைக் கட்டுப்படுத்தவும் முடியாது. “எலிதானே!” என்று இனி எளிதில் சொல்லிவிட மாட்டோம் அல்லவா?