மருத்துவரை நாடும் வேளை

ஊரை விட்டு வந்து விடுதியில் தங்கிப் பயிலும் நம்மில் பலருக்கு, இரவு பத்து மணிக்கு மேல் வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தாலே நெஞ்சு திடுக்கிடும். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எனக்கும் அத்தகைய அழைப்பு ஒன்று வந்தது. வேலந்தாவளத்திலிருந்து என் தமக்கை பேசினாள்.

“தம்பி, பாப்பாவுக்கு நேத்திருந்து சளியும் காய்ச்சலும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணுமா, விடியட்டுமா?”

யான் அறிவியல் மாணவன். மருத்துவம் பயின்றவன் அல்லேன். ஆயினும் எங்கள் வீட்டாருக்குப் ‘படித்தவன்’ என்றால் எல்லாம் படித்தவன். “காய்ச்சல் எவ்வளவு?” என்று கேட்டேன். “நூற்றொன்று” என்றாள். “அவ்வளவுதானே, காலையில் பார்க்கலாம்” என்றேன்.

காலையில் குழந்தை பால் குடிக்க மறுத்தது. எங்கள் ஊர் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சித்தூர் வட்டத்தில் உள்ளது. சோதனைச்சாவடியைத் தாண்டினால் கோவை மாவட்டம். சித்தூருக்குப் போவதா, கோவைக்குப் போவதா என்ற பேச்சிலேயே அரை மணி நேரம் கழிந்ததாம். மருத்துவர் குழந்தையின் சட்டையை உயர்த்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணினார். ஒரு நிமிடத்தில் ஐம்பத்தெட்டு! நிமோனியா என்றார். குழந்தைக்கு அப்போது வயது ஒன்றும் இரண்டு மாதமும். சில நாள் மருத்துவத்தில் நலம் பெற்றது. ஆனால், இரவில் நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்ற உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு. அக்கேள்வி யாது என்பதை நண்பர்கட்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் முதலில் செய்யும் பிழை, காய்ச்சலின் அளவைக் கொண்டே நோயின் கடுமையை மதிப்பிடுவது. காய்ச்சல் என்பது கிருமியை எதிர்த்து உடல் செய்யும் செயல். சாதாரண சளிக் காய்ச்சலில் 103 பாகை ஏறிய குழந்தை, சூடு சற்றுத் தணிந்ததும் ஓடியாடக் காண்கிறோம். டெங்குவிலோ, காய்ச்சல் இறங்கும் வேளையிலேயே பல நேரம் ஆபத்து தொடங்குகிறது. அப்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, கைகால் சில்லிடுதல் ஆகியவை தோன்றினால் ஒரு கணமும் தாமதித்தல் கூடாது. இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு மட்டும் வெப்பமானியின் சொல்லே போதும்: 99.5 பாகையோ அதற்கு மேலோ இருந்தாலும், உடல் குளிர்ந்து போனாலும், உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

அப்படியாயின் எதைப் பார்ப்பது? முதலாவது, மூச்சு. நுரையீரல் அழற்சியுற்றால் அது விறைப்படைகிறது. உயிர்வளி இரத்தத்திற் கலப்பது குறைகிறது. அக்குறையை ஈடுசெய்யக் குழந்தை விரைந்து விரைந்து மூச்சு விடுகிறது. ஆகவே கருவி ஏதுமின்றி, எண்ணிக்கை ஒன்றாலேயே ஐயத்தை அறியலாம். உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்துள்ள எல்லைகள் இவை: இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு நிமிடத்திற்கு 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு நிறையும் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இவ்வளவோ இதற்கு மேலோ இருப்பின் மருத்துவரைக் காண வேண்டும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, வயிறும் மார்பும் தெரியும்படி சட்டையை விலக்கி, முழு நிமிடம் எண்ண வேண்டும். மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிந்தால், விடியும் வரை காத்திருத்தல் ஆகாது.

இதற்குப் பெரும் படிப்பு வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. மராட்டிய மாநிலத்துக் கட்சிரோலியில் மருத்துவத் தம்பதியர் அபய் பங், ராணி பங் ஆகியோர், எழுத்தறியாத ஊர் மருத்துவச்சிகளும் மூச்சை எண்ணும் வண்ணம் மணிகள் கோத்த எளிய கருவியொன்றை அமைத்தனர். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். அம்மூதாட்டிகளால் இயன்றது நம் தாய்மார்க்கும் தமக்கையர்க்கும் இயலாதா?

இரண்டாவது, நான்கு அபாயக் குறிகள். குழந்தை பாலோ நீரோ பருக இயலாமை, உட்கொண்ட அனைத்தையும் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் அல்லது பெருஞ்சோர்வு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையிடம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

மூன்றாவது, சிறுநீர். வயிற்றுப்போக்கில் கண் குழிவதும், கிள்ளிவிட்ட வயிற்றுத் தோல் மெல்ல மெல்லத் திரும்புவதும், சிறுநீர் குறைவதும் நீர்வற்றலின் அடையாளங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை அடிக்கடி சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டே புறப்பட வேண்டும். 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்தருந்திய சிறுவர் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நாம் அறிவோம். அம்மருந்து செய்யப்பட்டது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அந்நஞ்சு சிறுநீரகத்தையே தாக்குவது. ஆதலின் எந்த நோயிலும் ‘எப்போது சிறுநீர் கழித்தது?’ என்ற கேள்வி வேண்டும். சிறு குழந்தைக்கு இருமல் மருந்தைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

இக்குறிகள் ஒன்றும் இல்லை. குழந்தை குடிக்கிறது, விளையாடுகிறது. அப்போது அஞ்ச வேண்டுவதில்லை, வீட்டிலேயே கவனிக்கலாம். ஆயினும் சில மணிக்கு ஒருமுறை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். காய்ச்சல் மூன்று நாளில் தணியாவிடினும், தாயின் மனம் ‘ஏதோ சரியில்லை’ என்று கூறினும், மருத்துவரைக் காண்பதே முறை. வீண் அலைச்சல் என்று யாரும் நகைக்கட்டும். அதனால் இழப்பொன்றும் இல்லை.

எல்லையூரார் இன்னொன்றும் செய்ய வேண்டும். எந்த மருத்துவமனைக்குச் செல்வது, வண்டிக்கு யாரை அழைப்பது என்பனவற்றைக் குழந்தை நலமாக இருக்கும் நாளிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். இரு மாநிலத்திலும் ஆம்புலன்சுக்கு எண் 108.

அண்மையில் தமக்கை மீண்டும் அழைத்தாள். நான் வாய் திறக்குமுன், “தம்பி, எண்ணிட்டேன். முப்பத்திரண்டு. பால் குடிச்சுட்டா, விளையாடறா” என்றாள். அன்றிரவு இருவரும் நிம்மதியாக உறங்கினோம். நண்பர்களே, உங்களுக்கு அழைப்பு வரும்போது ‘காய்ச்சல் எவ்வளவு?’ என்பதோடு நில்லாதீர்கள். ‘மூச்சை எண்ணினீர்களா?’ என்று கேளுங்கள்.