நம்பிக்கைகளும் உண்மைகளும்: இறுக்கமான சீல் கசியாதா?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்து, புது சீல் செட் போட்டு ஏற்றியும் மறுநாளே கியர் வழுக்கினால் பழி ‘டூப்ளிகேட் சீல்’ மேல் விழுகிறது. பெரும்பாலும் அந்த சீல் மாட்டும்போதே கிழிந்திருக்கும். (ஏ.எம்.டி. வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் இருப்பது சாதாரண கியர்பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும்தான்.)

நம்பிக்கை: சீல் எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவு நல்லது.

உண்மை: கியர்பாக்ஸில் கிளட்ச்சைப் பிடிக்கும் பிஸ்டனின் விளிம்புள்ள சீலை அடைத்துப் பிடிக்க வைப்பது ஆயிலின் அழுத்தம். வேலூர், ஆம்பூர்க்காரர்களுக்கு இதைத் தோலை வைத்தே சொல்லலாம். ரப்பர் வருமுன் பல பிஸ்டன்களை அடைத்தது தோல்தான். 1795-இல் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதன் தண்டைச் சுற்றி நீர் கசிந்தது. இறுக்கி அடைத்தால் தண்டு நகரவில்லை. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேதான் வளைத்த தோல் வளையத்தை வைத்துத் தீர்த்தார் என்பார்கள். நீரின் அழுத்தமே தோலின் விளிம்பை விரித்து ஒட்ட வைத்தது. அழுத்தம் இறங்கியதும் பிடி விட்டது.

நம் தெரு அடிபம்பிலும் இதே கதைதான். 1970-களில் யுனிசெஃப் ஆதரவோடு உருவாகி, சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் ஆலையில் தயாரான இந்தியா மார்க் 2 பம்பில் கிண்ண வடிவத் தோல் வாஷர்கள் இருந்தன. கைப்பிடியை அழுத்தினால் பிஸ்டன் மேலேறும், மேலே நிற்கும் நீர் வாஷரின் விளிம்பை விரிக்கும். வாஷரைத் தலைகீழாகப் போட்டால் தண்ணீர் ஒழுங்காக ஏறாது.

கியர்பாக்ஸிலும் விளிம்பு ஆயில் வரும் பக்கம், அதாவது பிஸ்டன் இறங்கும் கிளட்ச் டிரம்மின் அடியைப் பார்த்து இருக்க வேண்டும். ஆபத்தும் அங்கேதான். பிஸ்டனை இறக்கும்போது அந்த மெல்லிய விளிம்புதான் முதலில் உள்ளே போகிறது. ஸ்நாப் ரிங் காடியின் கூர்முனையில் பட்டால் மடங்கும், அல்லது வெட்டுப்படும். முதலில் காடியை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் நைஸ் எமரித்தாளால் தேய்த்துக் கழுவுங்கள்.

நம்பிக்கை: மடங்கிய விளிம்பை ஸ்குரூடிரைவரால் தள்ளிவிடலாம்.

உண்மை: அந்த ஒரு தள்ளலே போதும், சீல் போயிற்று. முனை மழுக்கிய மெல்லிய ஃபீலர் கேஜ் தகடு, அல்லது வளையமாக மடித்த மெல்லிய கம்பி எடுங்கள். பிஸ்டனை லேசாகச் சாய்த்து, ஒரு பக்கம் விளிம்பை உள்ளே விட்டு, மெதுவாகத் திருப்பியபடியே மீதி விளிம்பைச் சுற்றிலும் உள்ளே மடக்கி விடுங்கள். கையழுத்தத்தில் இறங்காத பிஸ்டனைச் சுத்தியலால் தட்டாதீர்கள். வெளியே எடுத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: கிரீஸ் தாராளமாகப் பூசினால் வழுக்கிக்கொண்டு போகும்.

உண்மை: சேஸிஸ் கிரீஸ் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஏ.டி.எஃப். ஆயிலில் சரியாகக் கரையாது. வால்வ் பாடியின் நுண்ணிய துளைகளை அடைத்து, இல்லாத கோளாறை உண்டாக்கும். அதே ஏ.டி.எஃப். ஆயிலோ வெள்ளை வாசலினோ போதும். சூட்டில் வாசலின் உருகி ஆயிலோடு கலந்துவிடும். உலர்ந்த சீலை மட்டும் மாட்டவே கூடாது.

நம்பிக்கை: தோல் வாஷர்தான் நீடிக்கும், ரப்பர் மட்டம்.

உண்மை: தோல் நம் ஊரின் பெருமைதான், ஆனால் இந்த இடத்தில் ரப்பரே வென்றது. 1980-களில் கோவை வட்டாரத்தில் அடிபம்புகளை வைத்து நடந்த களச் சோதனையில் நைட்ரைல் ரப்பர் வாஷர்கள் தோலைவிடக் கூடுதல் காலம் உழைத்தன. ஆனால் கியர்பாக்ஸ் சூட்டில் வருடக்கணக்கில் கிடந்து இறுகிய ரப்பர் எதற்கும் உதவாது. ரப்பர் பிஸ்டனோடே ஒட்டி வரும் வகையாக இருந்தால் பிஸ்டனையே மாற்ற வேண்டும்.

கியர்பாக்ஸை வண்டியில் ஏற்றுமுன் ஆயில் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் கொடுத்துப் பாருங்கள். பிஸ்டன் ‘டொக்’கென்று நகர்ந்து கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும். தொடர்ந்து ‘உஸ்ஸ்’ என்று காற்று போனால், அன்றைக்கே பிரித்துப் பார்த்துவிடுங்கள்.