மூன்று மைக்கா, இரண்டா?

அன்புள்ள கதிர்,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆடியோ இன்டர்ஃபேஸ் பட்டியலைப் பார்த்தேன். விலை, எடை, நிறம் வரை எழுதியிருக்கிறாய். அதில் எதைப் பதிவு செய்யப்போகிறாய் என்பது மட்டும் இல்லை. அதை அண்ணியிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் மிருதங்கம், கயலின் பாட்டு, மீதியெல்லாம் கம்ப்யூட்டரிலேயே போடுகிற கீபோர்டும் பேஸும். அவ்வளவுதான் என்றால், உன் பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடலாம்.

ஒரே நேரத்தில் எத்தனை மைக் திறந்திருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கடைப்பக்கம் போகாதே. மிருதங்கத்துக்கு வலந்தலைப் பக்கம் ஒன்று, தொப்பிப் பக்கம் ஒன்று. நடுவில் ஒரே மைக் வைத்தும் எடுக்கலாம். ஆனால் தொப்பியின் கும்கி அடங்கிப்போனால் மிக்ஸிங்கில் அதை மட்டும் தனியாகத் தூக்க வழியில்லை. ஆகவே இரண்டு. கயலும் கூடவே உட்கார்ந்து பாடினால் மூன்று. அதனால்தான் நீ ஸ்கார்லெட் ஃபோர்-ஐ-ஃபோரை வட்டமிட்டிருக்கிறாய் என்று புரிகிறது: நாலு உள்வழி, மூன்று மைக், ஒன்று மிச்சம்.

அங்கேதான் கணக்கு இடிக்கிறது. அந்தப் பெட்டியில் மைக் பிரீஆம்ப் இரண்டுதான். மற்ற இரண்டும் லைன் உள்வழிகள். கீபோர்டிலிருந்தோ வேறு கருவியிலிருந்தோ வரும் பலமான சிக்னலுக்கானவை. மைக்கின் மெல்லிய சிக்னலை அதில் கொடுத்தால் ஒன்றும் கேட்காது. மோட்டு எம்-ஃபோரும் இதே அமைப்புதான். ஸ்கார்லெட் எயிட்டீன்-ஐ-ட்வென்டியை எடுத்துக்கொள்: அந்த 18-இல் மைக் வாங்குவது 8. இன்னொரு 8, ஆப்டிகல் கேபிளில் வரும் ஏடாட். மீதி 2, எஸ்பிடிஃப். யாரும் பொய் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். நீ பெயரில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பெட்டியின் படத்தில் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் நுழையும் வட்டத் துளைகளை எண்ணு. பெரிங்கர் யுஎம்சி 404-இல் அப்படி நாலு இருக்கும். நாலு மைக்தான் வேண்டும் என்றால் குறைந்த செலவில் அது ஒரு வழி.

ஆனால் உனக்கு நாலு வேண்டுமா? உங்கள் கூடத்தில் நீ வாசிக்க, ரெண்டடி தள்ளி கயல் பாடினால், அவள் மைக்கில் மிருதங்கம் முழுக்க விழும். ஒரு இடத்தில் சுருதி விலகியது என்று அந்த வரியை மட்டும் மறுபடி பாடவைக்க முடியாது; பழைய வரியோடு மிருதங்கமும் வெட்டுப்படும். நீ செய்யப்போவது கிளிக் வைத்துக் கட்டுகிற பாட்டு. கயலை ஒருமுறை தோராயமாகப் பாடவைத்து, அதைக் கேட்டுக்கொண்டே நீ வாசித்துப் பதிவு செய். பிறகு அவள் நிதானமாகப் பாடட்டும். இரண்டு மைக் போதும். கச்சேரி மாதிரி எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்பதைத்தான் எடுக்கவேண்டும் என்று என்றைக்காவது தோன்றினால், அதற்கும் முன்னால் ஒரு ஜோடி மைக்கை ஸ்டீரியோவாக வைத்து எடுக்கலாம். நான் கேட்ட நல்ல வீட்டுக் கச்சேரிப் பதிவுகள் சில அப்படி எடுத்தவை.

ஆக, இரண்டு மைக் பெட்டி. இந்த வகையில் ஸ்கார்லெட் டூ-ஐ-டூ, மோட்டு எம்-டூ, ஆடியன்ட் ஐடி-14, ஸ்டைன்பெர்க் யுஆர்-22 எல்லாமே நல்ல பெட்டிகள். கண்ணை மூடிக் கேட்கச் சொன்னால், எது எந்தப் பெட்டியில் எடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். சொல்லுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதும் இல்லை.

வித்தியாசம் டிரைவரில் இருக்கிறது. விளம்பரத்தில் பெரிதாகப் போடமாட்டார்கள். நீ தட்டுகிற சொல் பெட்டிக்குள் எண்களாக மாறி, யுஎஸ்பி வழியே லேப்டாப்புக்குப் போய், மென்பொருளைச் சுற்றிக்கொண்டு ஹெட்ஃபோனுக்குத் திரும்பவேண்டும். கம்ப்யூட்டர் அந்த எண்களை ஒவ்வொன்றாக வாங்காது. ஒரு கட்டு சேர்ந்த பிறகுதான் தொடும். அந்தக் கட்டுதான் பஃபர். 48,000 ஹெர்ட்ஸில் பஃபரை 256 என்று வைத்தால் ஒரு வழிக்கு 5.3 மில்லிசெகண்ட். போகவர ஏறக்குறைய 11, பெட்டியின் சொந்தத் தாமதம் தனி. ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர்தான் போகும். அப்படியென்றால் உன் மிருதங்கத்தை நீயே நாலு மீட்டர் தள்ளி நின்று கேட்கிற மாதிரி. விளம்பத்தில் பொறுத்துக்கொள்வாய். மேல்காலத்தில் கை தடுமாறும்.

இதற்கு டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மைக்கின் ஒலி லேப்டாப்புக்குப் போகாமலே பெட்டியிலிருந்து நேராக உன் காதுக்கு வந்துவிடும். மிருதங்கத்துக்கும் பாட்டுக்கும் அது போதும். ஆனால் மிடி கீபோர்டில் நீ வாசிக்கும்போது ஒலியே லேப்டாப்புக்குள்தான் பிறக்கிறது. அங்கே டைரக்ட் மானிட்டர் உதவாது. பஃபரை 64-க்கோ 128-க்கோ இறக்கவேண்டும். இறக்கினால் சரக்குச் சரக்கென்று ஒலி வெட்டும். வெட்டாமல் தாங்கவைப்பது டிரைவர்தான். உன்னுடையது விண்டோஸ் லேப்டாப். அதனால் தயாரிப்பாளர் தானே எழுதிய ஏஸியோ டிரைவர் இருக்கிறதா என்று பார். ஏஸியோ-ஃபோர்-ஆலை இறக்கிக்கொள் என்று கையேட்டில் போட்டிருந்தால், சொந்த டிரைவர் எழுதவில்லை என்று அர்த்தம். அந்தப் பெட்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். மேக்கில் கோர் ஆடியோ இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அதற்காக மேக் வாங்கப் புறப்பட்டுவிடாதே.

192 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறது என்று ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறாய். 48, 24 பிட்டில் எடு. ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு எட்டரை எம்பிக்குச் சற்று மேலே வரும். 192-இல் அதைப்போல் நாலு மடங்கு. கூடுதலாகக் கிடைப்பதை வௌவால் கேட்கும், நீயும் நானும் கேட்கமாட்டோம். 24 பிட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. மிருதங்கத்தின் சாப்பு திடீரென்று எகிறும். மீட்டர் உச்சமே –12 டெசிபலைத் தாண்டாத மாதிரி கெயினைக் கீழே வைத்து எடுத்தாலும் 24 பிட்டில் இரைச்சல் தெரியாது. 16 பிட் காலத்தில் எங்களுக்கு அந்த வசதி இல்லை. மோட்டு எம்-டூவில் சின்னத் திரையில் மீட்டர் ஓடும். தனியாக வாசித்துக்கொண்டே தானே பதிவும் செய்கிற உனக்கு அது உபயோகம். விலை ஒத்துவந்தால் நான் அதன் பக்கம்.

பிரீஆம்ப் இரைச்சல் –128 டிபியூ, –129 டிபியூ என்று ஒப்பிட்டிருக்கிறாய். உங்கள் கூடத்து மின்விசிறி அந்த ஒரு டெசிபலைத் தின்றுவிடும். மே மாதத்தில் விசிறியை நிறுத்தி எத்தனை டேக் எடுப்பாய் என்பதுதான் பிரச்சினை. விடியற்காலை எடு. பீரோ இருக்கிற உள் அறையில், மைக்குக்கு எதிரே இருக்கிற சுவரில் கனமான ஜமுக்காளத்தைத் தொங்கவிடு. ரஹ்மான் 1989-இல் வீட்டிலேயேதான் ஆரம்பித்தார் என்று நீ அண்ணனிடம் வாதாடினாயாம். உண்மைதான், ஆனால் அது வீட்டோடு சேர்ந்திருந்தாலும் ஒலிப்பதிவுக்கென்றே அமைத்த ஸ்டுடியோ.

மைக்கில் உன் கண் எஸ்எம்-7பி மேல். யூடியூபில் எல்லோர் வாய்க்கு முன்னாலும் அது இருப்பதால் வந்த ஆசை. அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும். மூன்றாம் தலைமுறை டூ-ஐ-டூவில் 56 வரைதான் உண்டு; நாலாவதில் 69. பழைய பெட்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி அந்த மைக்கை மாட்டினால் கெயினை முழுக்கத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். கயலுக்கு ஒரு நடுத்தரக் கண்டென்சர், தொப்பிக்கு ஒரு எஸ்எம்-57 போதும். வலந்தலைக்கும் அதே கண்டென்சர்தான். அவள் பாடாதபோது அது சும்மாதானே இருக்கும். கண்டென்சருக்கு 48 வோல்ட் பேண்டம் பவர் வேண்டும், நான் சொன்ன இரண்டு மைக் பெட்டிகள் எல்லாவற்றிலும் அது உண்டு. அதைப் போடும்போதும் நிறுத்தும்போதும் ஸ்பீக்கரைக் குறைத்துவிடு.

செகண்ட் ஹேண்ட் என்றதும் ஞாபகம் வந்தது. ஃபயர்வயர் பெட்டி பாதி விலைக்கு வருகிறது என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடு. செருகப் புது லேப்டாப்பில் துளையே கிடையாது. யுஎஸ்பி 2 பழசாயிற்றே என்று பயப்படாதே. இரண்டு சானலுக்கு அது தாராளம்.

ஹெட்ஃபோனில் ‘ஙொய்’ என்று ஹம் வந்தால் பெட்டியைத் திட்டுவதற்கு முன்னால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பார். நின்றுவிட்டால் குற்றம் சார்ஜரிலோ உங்கள் வீட்டு எர்த்திலோ இருக்கலாம். அந்தப் பழைய வீட்டில் மூன்று பின் பிளக்குக்கு எர்த் கம்பி உண்மையிலேயே போயிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். பழைய வகை இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இரைச்சல் வரும். கரன்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் எடு. பெட்டிக்கு மின்சாரம் யுஎஸ்பியிலேயே வருவதால் அது முடியும்.

பணத்தைப் பற்றி. மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் பெட்டிக்குக் கொடுக்காதே. மைக், நல்ல மூடிய ஹெட்ஃபோன், உறுதியான இரண்டு ஸ்டாண்ட், கேபிள், பாப் ஃபில்டர் எல்லாம் சேர்ந்து நீ நினைப்பதைவிட அதிகம் ஆகும். ஸ்டாண்டில் கஞ்சத்தனம் வேண்டாம், மிருதங்கத்துக்குத் தாழ்வாக இறங்குகிற சின்ன ஸ்டாண்ட் தனியாகக் கேள்.

வாங்கப் போகும்போது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போ. டிரைவரை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள். கடையிலேயே மாட்டி, பஃபரை 64-இல் வைத்து, பத்து டிராக் உள்ள உன் பாட்டு ஒன்றை ஓடவிட்டுக் கேள். வெட்டினால் அடுத்த பெட்டியை எடுத்துத் தரச் சொல். பெரிய மனுஷன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வந்துவிடாதே. பில்லில் சீரியல் நம்பர் போடச் சொல், வாரண்டிக்கு அதைத்தான் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன். லேப்டாப்பின் மாடல், எத்தனை ஜிபி ராம், யுஎஸ்பி-சி துளை உண்டா என்று பார்த்து வை. கயலிடம் அவள் கட்டை என்ன என்றும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா