அம்மா வீட்டுச் சாமான்களை முற்றத்தில் வைத்து விற்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை வாடகைக்கு விட முடிவு செய்திருக்கிறோம். அப்பா 2016-ல் காலமானார். அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. இருவருமே உயில் எழுதவில்லை. அண்ணன் 2021-ல் இறந்துவிட்டார். அண்ணியும் அவர்களின் இரண்டு பிள்ளைகளும் திருச்சியில் இருக்கிறார்கள். தம்பி ஷார்ஜாவில், தங்கை கோவையில். வீடு நிறையச் சாமான்கள்: பித்தளை அண்டா, வெண்கல உருளி, பீரோ, ஊஞ்சல், ஃப்ரிட்ஜ், அம்மாவின் ஸ்கூட்டர், பாட்டி காலத்துத் தஞ்சாவூர் ஓவியம், கூடத்துச் சுவரில் ஒரு ஜோடி மான் கொம்பு. அமெரிக்காவில் இருக்கும் என் மகள், “அங்கெல்லாம் வீட்டு வாசலிலேயே விலைச்சீட்டு ஒட்டி ஒரே நாளில் விற்றுவிடுவார்கள், நாமும் அப்படிச் செய்யலாம்” என்கிறாள். வரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் பரப்பி வைத்து விற்க நினைக்கிறேன். தம்பி போனில் “எல்லாம் நீயே பார்த்துக்கோ அக்கா” என்று சொல்லிவிட்டான். இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? பின்னால் ஏதாவது சிக்கல் வருமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: லைசென்ஸ் வேண்டாம். சொந்த வீட்டில் புழங்கிய சாமான்களை ஒரு நாள் விற்பது வியாபாரம் ஆகாது, ஜி.எஸ்.டி. பதிவும் தேவையில்லை. வருமான வரியிலும், வீட்டில் புழங்கும் பண்டங்களை மூலதனச் சொத்தாகச் சட்டம் கருதுவதில்லை. நகை, ஓவியம், சிற்பம் போன்றவை மட்டும் விதிவிலக்கு. அவற்றில் கிடைக்கும் லாபத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பந்தலோ பரப்பிய சாமானோ தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவழியை மறித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

எனக்குக் கவலை தருவது வேறு. உங்கள் பட்டியலில் சில பொருள்கள் உங்களுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல, சிலவற்றை யாருமே விற்கக் கூடாது. விலைச்சீட்டு எழுதும் முன் இந்த இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

யாருடைய பொருள் என்பதிலிருந்து தொடங்குவோம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தாயின் சொத்து மகன்கள், மகள்கள், அவருக்கு முன்பே இறந்த மகனின் பிள்ளைகள் ஆகியோருக்குப் போகும். அண்டாவும் பீரோவும்கூடச் சொத்துதான். ஆகவே அண்ணன் பிள்ளைகளுக்கு அவர்களின் அப்பாவுடைய பங்கு உண்டு. அண்ணி அம்மாவின் வாரிசு அல்ல. ஆனால் அப்பா 2016-லேயே போனதால் அவர் வாங்கிய பொருள்களில் அண்ணனுக்கு அப்போதே ஒரு பங்கு வந்துவிட்டது. அண்ணன் இறந்ததும் அதில் அண்ணிக்கும் உரிமை வந்துவிட்டது. எந்த உருளியை அப்பா வாங்கினார், எதை அம்மா வாங்கினார் என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எனவே அண்ணியைச் சேர்த்துக்கொண்டே செய்யுங்கள். அவர் தன் சார்பிலும், பிள்ளைகள் மைனர்களாக இருந்தால் அவர்களின் காப்பாளராகவும் சம்மதம் தர வேண்டும். கணவனை இழந்த மருமகளைக் கேட்காமல் மாமியார் வீட்டுச் சாமான்களை மற்றவர்கள் விற்றுவிட்ட வழக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் விற்ற பொருளின் மதிப்பு பெரும்பாலும் சொற்பம். கேட்கவில்லையே என்ற மனவருத்தம்தான் அவர்களை நீதிமன்றம் வரை கொண்டுவந்தது.

தம்பி போனில் சொன்ன வார்த்தை போதாது. அறை அறையாகச் சாமான்களைப் படம் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள், குறைந்தபட்ச விலையையும் எழுதி எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். “இவற்றை அக்கா விற்கச் சம்மதம், எனக்கு வேண்டியவை 7, 19” என்ற மாதிரி எழுத்தில் பதில் வரட்டும். அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 28-ஆம் பிரிவில் கூட்டுச் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிறது: மற்றவர்களின் அனுமதியோடு ஒருவர் வசம் மட்டும் இருக்கும் பொருளை, விவரம் அறியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு வாங்கினால் அது வாங்கியவருக்கே சொந்தமாகிவிடும். நாளை தங்கை வந்து “அந்த ஊஞ்சல் எனக்கு வேண்டும்” என்றால், வாங்கியவரிடமிருந்து மீட்க முடியாது. அவர் கேள்வி கேட்கப்போவது உங்களைத்தான்.

தங்கைக்குக் கல்யாணத்தின்போது வாங்கிய சீர்வரிசைப் பாத்திரங்கள் பரணில் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். அதேபோல அண்ணியின் பிறந்த வீட்டிலிருந்து வந்தவை. அவை சீதனம், அந்தந்தப் பெண்ணுக்கு மட்டுமே உரியவை. பங்குக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

அடுத்து, சுவரில் இருக்கும் மான் கொம்பு. அதை இன்றே விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொம்பும் வேட்டைச் சின்னம்தான். உரிமைச் சான்றிதழ் இருந்தாலும் விற்கக் கூடாது, விற்பதாக விளம்பரமும் செய்யக் கூடாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வந்த 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தெரிவித்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. அப்பாவின் பழைய ஃபைல்களில் உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சான்றிதழ் இருந்தால், வேண்டாத பட்சத்தில் ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து அரசிடமே ஒப்படைக்க 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்கிறது. அதற்குப் பணம் எதுவும் தர மாட்டார்கள். சான்றிதழ் இல்லையென்றால் வைத்திருப்பதே குற்றம். அந்த நிலையில் பயந்துபோய்க் காவிரியில் வீசவோ, “நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லும் பழைய சாமான் வியாபாரியிடம் கொடுக்கவோ வேண்டாம். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொண்டு, பெற்றோர் வீட்டில் இருந்தது என்பதை எழுத்தில் சொல்லி மாவட்ட வன அலுவலரை அணுகுங்கள். விற்பனைக்காக நீங்கள் எடுக்கும் படங்களில்கூடக் கொம்பு தெரிய வேண்டாம்.

தஞ்சாவூர் ஓவியத்தின் விஷயம் வயதைப் பொறுத்தது. நூறு ஆண்டுக்குக் குறையாத ஓவியமும் சிற்பமும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி தொல்பொருள்கள். இவற்றைப் பதிவு செய்திருக்க வேண்டும். கைமாறினால் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உங்கள் மகள் ஆசைப்பட்டாலும் அமெரிக்காவுக்கு எடுத்துச்செல்லக் கூடாது என்பதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பாட்டி காலத்தது என்றால் நூறைத் தொட்டிருக்கலாம், தொடாமலும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் சொல்வதே இறுதி முடிவு. பூஜை அறையில் பழைய உலோக விக்கிரகம் இருந்தாலும் இதே கவனம் தேவை. சாதாரணப் பித்தளை அண்டா, வெண்கலப் பானை, குத்துவிளக்கு ஆகியவற்றுக்கு வயது எவ்வளவு ஆனாலும், குடும்பம் ஒருமுறை விற்பதைத் தொல்பொருள் வியாபாரம் என்று சொல்ல முடியாது என்பது என் கருத்து. அவற்றை விற்கும் முன் இரண்டு பாத்திரக் கடைகளில் அன்றைய எடை விலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கேஸ் சிலிண்டர் பற்றி நீங்கள் எழுதவில்லை. அக்கம்பக்கத்து டீக்கடைக்காரர் யாராவது கட்டாயம் கேட்பார். சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. அம்மா கட்டியது டெபாசிட் மட்டுமே. ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்குங்கள், அல்லது வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றுங்கள்.

ஸ்கூட்டரை அன்றைக்கு விற்கவே வேண்டாம். வண்டி இன்னும் அம்மா பெயரில் இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 31-ஆம் படிவம் கொடுத்து முதலில் ஒரு வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். இறந்த மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை அது. தாமதத்துக்கு என்ன கட்ட வேண்டுமோ கட்டிவிட்டு மாற்றுங்கள். அதன் பிறகு 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு விற்கலாம். வாங்கியவர் பெயருக்கு மாறியதைக் கண்ணால் பார்க்கும் வரை உங்கள் பொறுப்பு தீராது. எத்தனை கை மாறினாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்கு உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

விற்பனை நாளுக்கு வருவோம். பீரோவை வெளியே எடுப்பதற்கு முன் லாக்கர், ரகசிய அறை, புடவை மடிப்பு, அடியில் விரித்த பழைய செய்தித்தாள் என எல்லாவற்றையும் இருவர் சேர்ந்து பாருங்கள். அரிசி டின்னுக்குள்ளும் கையை விட்டுத் துழாவுங்கள். அந்தக் காலத்துப் பெண்கள் காசு வைத்த இடங்கள் அவை. பீரோவை வாங்கியவர் உள்ளே மறந்துபோன செயினையும் வாங்கியவர் ஆக மாட்டார். இங்கிலாந்தில் 1841-லேயே, ஏலத்தில் வாங்கிய மேசையின் ரகசிய இழுப்பறையில் கிடைத்த பணப்பை மேசையோடு சேர்ந்து விற்கப்பட்டதல்ல என்று தீர்ப்பு வந்திருக்கிறது. நம் ஒப்பந்தச் சட்டமும், கிடைத்த பொருளைப் பத்திரமாக வைத்திருந்து உரியவரிடம் சேர்க்கும் பொறுப்பைக் கண்டெடுத்தவர் மேல் வைக்கிறது. ஆனால் செயின் அதில்தான் இருந்தது என்று எதை வைத்து நிரூபிப்பீர்கள்? எனவே முன்பே தேடிவிடுங்கள். பத்திரம், பாஸ்புக், இன்ஷூரன்ஸ் காகிதம், பழைய போன் எல்லாவற்றையும் தனி அறையில் வைத்துப் பூட்டுங்கள்.

விலைச்சீட்டிலேயே “பழையது, உள்ளது உள்ளபடி” என்று எழுதிவிடுங்கள். சோதித்துப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்பது பொது விதி. ஆனால் ஓடாத ஃப்ரிட்ஜை ஓடுகிறது என்று சொன்னால், அல்லது பழுதை வேண்டுமென்றே மறைத்தால் அது மோசடி; விற்பனையையே அவர் ரத்து செய்யலாம். தொட்டால் ஷாக் அடிக்கும் கிரைண்டர் என்று தெரிந்தால், யாரும் கேட்காவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும். யாராவது ஒருவர் வீட்டில் ஒரு குழந்தை அதைத் தொடும். முடிந்தால் ஒயரை வெட்டிவிட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள்.

யு.பி.ஐ.யில் பணம் வந்ததாக ஸ்கிரீன்ஷாட் காட்டினால் நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பொருள் வாசலைத் தாண்டட்டும். பணம் பெறுவதற்கு நீங்கள் எந்தக் கியூ.ஆரையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை, பின் நம்பரும் போடத் தேவையில்லை. அப்படிச் சொல்பவரை உடனே அனுப்பிவிடுங்கள். யாராவது வியாபாரி மொத்தமாக எடுப்பதாகச் சொன்னால், ஒரே நாளில் ஒருவரிடமிருந்து ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக வரும்.

ஒரு நோட்டில் பொருளின் எண், விலை, ரொக்கமா ஜி-பேயா என்று உடனுக்குடன் எழுத ஒருவரை உட்கார வையுங்கள். கல்லாவைப் பார்ப்பவர் வேறொருவராக இருக்கட்டும். அன்று மாலையே நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்துத் தம்பி, தங்கை, அண்ணி மூவருக்கும் அனுப்பி, அவரவர் பங்கை வங்கி வழியாகவே கொடுங்கள். மைனர் பிள்ளைகள் பங்கை அவர்கள் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். கணக்கு இல்லையென்றால், விற்பனைத் தேதிக்கு முன் அண்ணியைத் தொடங்கச் சொல்லுங்கள்.